ஒரு நூல், ஒரு நட்டு, நான்கு பாடவேளை: தனி ஊசலை வைத்து உயர்நிலை வகுப்பில் அறிவியலையும் கணக்கையும் சேர்த்துக் கற்பிக்க முழுமையான வழிகாட்டி

'ஸ்டெம்' கல்வி என்றதும் ரோபோ கிட், 3டி பிரின்டர், பூட்டிய கண்ணாடி அலமாரி ஆகியவைதான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் இருந்தால் நல்லதுதான். ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் ஒரே வேலைக்குள் மாணவர் கையால் தொட்டுப் பார்க்க, தையல் நூலில் தொங்கும் ஒரு இரும்பு நட்டு போதும். 9, 10-ஆம் வகுப்பில் 40 பேருக்கு, 40 நிமிடப் பாடவேளைகள் நான்கில் இதை முடிக்கும் முறை இங்கே இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. இந்த ஊசலை வைத்து மாணவர் காணப்போவது புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு (மீட்டர்/நொடி²). மூன்றாம் பாடவேளை முடியும்வரை '9.8' என்ற அந்த எண்ணை வகுப்பில் யாரும் உச்சரிக்கக் கூடாது, நீங்களும்தான். வர வேண்டிய விடை முன்பே தெரிந்துவிட்டால், மாணவர் அளப்பதை நிறுத்திவிட்டு விடைக்கு ஏற்றபடி அளவுகளைத் 'திருத்த'த் தொடங்குவார்கள். அது நேர்மைக் குறைவு என்று அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை; தவறு நாம் சோதனையை அமைத்த விதத்தில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் பார்த்திராத ஓர் எண்ணைத் தேடச் சொன்னால், வேறு வழியின்றி உண்மையாகவே அளப்பார்கள்.

தேவையானவை

ஐந்து பேர் கொண்ட குழுவாக எட்டுக் குழுக்கள். ஒரு குழுவுக்கு:

- 16 மி.மீ. போல்ட்டுக்கான இரும்பு நட்டு மூன்று. ஒன்று ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். ஹார்டுவேர் கடையில் எடைக்கே வாங்கலாம்.
- தையல் நூல் 3 மீட்டர், இரட்டையாக முறுக்கியது. தூண்டில் நரம்பு வேண்டாம். அது இழுபடும், சுருளின் வளைவையும் விடாது. பூ கட்டும் நூலில் முறுக்குப் பிரிந்து நட்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.
- மரத்தாலான 30 செ.மீ. ஸ்கேல் இரண்டு, இறுக்கமான ரப்பர் பேண்ட் நான்கு.
- மீட்டர் அளவுகோல், ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள மூலைமட்டம்.
- நிறுத்துக் கடிகாரம், அல்லது நூறில் ஒரு நொடி காட்டும் கைக்கடிகாரம்.
- வரைபடத்தாள், பேனா. அளவுகள் எழுத பென்சில் கிடையாது.

தொங்கவிடும் இடம்தான் பாதி வேலை

ஆய்வகத்தில் ஸ்டாண்டு போதுமான அளவு இருந்தால் இந்தப் பகுதி எளிது. இல்லாவிட்டால், மேசைமேல் ஒரு பெஞ்சை ஏற்றி, அதன் விளிம்பில் மர ஸ்கேல்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 5 செ.மீ. மட்டும் வெளியே நீட்டுங்கள். நூல் அந்த இரண்டு ஸ்கேலுக்கும் நடுவே நசுங்கி நிற்க வேண்டும். முனையில் ரப்பர் பேண்ட் போட்டு, உள்பக்கம் நாலைந்து தடித்த புத்தகங்களைப் பாரம் வையுங்கள்.

நூலைக் கம்பியில் சும்மா சுற்றிக் கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஒரு சிக்கல் உண்டு. உருண்டைக் கம்பியில் கட்டிய நூல், ஊசல் ஒரு பக்கம் போகும்போது கம்பியின்மேல் கொஞ்சம் படியும், திரும்பும்போது விலகும். தொங்கும் புள்ளியே நகர்வதால் நீளம் ஒவ்வோர் ஆட்டத்திலும் மாறிக்கொண்டிருக்கும். நூல் தட்டையான விளிம்பிலிருந்து கூர்மையாக வெளியே வந்தால் தொங்கும் புள்ளி ஓரிடத்தில் நிற்கும். பிளாஸ்டிக் ஸ்கேலை நீட்டினால் ஊசலோடு அதுவும் ஆடும். வீச்சு, அதாவது ஊசல் நடுவிலிருந்து பக்கவாட்டில் போகும் அளவு, சீக்கிரம் குறையும், நேரமும் பிசகும்.

முதல் நாள் மாலையே ஒரு குழுவுக்கான அமைப்பை நீங்கள் கட்டிப் பார்த்துவிடுங்கள். சோதனை நேரத்தில் மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும். வெயில் காலமானால் காலைப் பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

முதல் பாடவேளை: ஊகம்

கரும்பலகைக்கு முன்னால் ஒரே நீளத்தில் இரண்டு ஊசல்களைத் தொங்கவிடுங்கள். ஒன்றில் ஒரு நட்டு, மற்றதில் மூன்று. எது வேகமாக ஆடும்? கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையில் எழுதிவிட்டு, ஒன்றாக விடுங்கள். இரண்டும் சேர்ந்தே ஆடும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால் நிறை மையம் கீழே இறங்கும், அதாவது ஊசல் நீளமாகிவிடும். கனமான ஊசல் மெதுவாக ஆடும். வகுப்பு முழுவதும் 'எடை கூடினால் மெதுவாகும்' என்ற தவறான முடிவோடு வீட்டுக்குப் போகும். சாவிக்கொத்தில் சாவிகள் தொங்குவது போல மூன்று துளைகளிலும் ஒரே நூல் வளையத்தைச் செலுத்தி, பக்கத்தில் பக்கத்தில் தொங்க வையுங்கள். நேரம் இருந்தால் தவறான முறையையும் வேண்டுமென்றே செய்து காட்டி, 'ஏன் பிந்துகிறது?' என்று கேட்கலாம். யாராவது ஒரு மாணவி எழுந்து வந்து அளந்து பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொல்வார். அந்த ஐந்து நிமிடத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்து நீளம். 25 செ.மீ. ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 1 நொடி ஆகும். 'நீளத்தை இரட்டித்தால் நேரமும் இரட்டிக்குமா?' பெரும்பாலோர் ஆம் என்பார்கள். 50 செ.மீ.க்கு மாற்றிப் பாருங்கள்: 1.4 நொடிதான். நேரம் இரண்டு மடங்காக நீளம் எவ்வளவு வேண்டும் என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். 75 செ.மீ. போதாது, 100 செ.மீ.யில் வரும். நான்கு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு நேரம். வர்க்கமூலம் என்பது பயிற்சிக் கணக்கில் மட்டும் வாழும் பிராணி அன்று என்பதை மாணவர் கண்ணால் பார்க்கும் இடம் இது. சூத்திரம் இன்னும் வேண்டாம்.

இரண்டாம் பாடவேளை: அளத்தல்

ஐந்து நீளங்கள்: 20, 40, 60, 80, 100 செ.மீ. ஐந்து வேலைகள்: நீளம் அளப்பவர், ஊசலை விடுபவர், எண்ணுபவர், கடிகாரம் பிடிப்பவர், எழுதுபவர். ஒவ்வொரு நீளம் முடிந்ததும் வேலைகளை ஒரு இடம் தள்ளி மாற்றுங்கள். ஐந்தாவது நீளம் முடியும்போது எல்லோரும் எல்லா வேலையும் செய்திருப்பார்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சுழற்சி இல்லாத குழுக்களில், 'கையெழுத்து நன்றாக இருக்கும்' என்று பெண் பிள்ளைகளிடம் நோட்டைத் தள்ளிவிட்டு, கடிகாரத்தை ஒரு பையன் கடைசிவரை கையிலேயே வைத்திருப்பான்.

படிகள்:

1. நட்டைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். நூல் இழுபட்டு நிலைக்கட்டும். அளப்பது அதன் பிறகுதான்.

2. ஸ்கேல் விளிம்பில் நூல் வெளிவரும் புள்ளியிலிருந்து நட்டின் துளை மையம் வரை அளக்கவும். மூலைமட்டத்தை அளவுகோலோடு ஒட்டிப் பிடித்தால் மையத்தின் நேர்க்கோடு கிடைக்கும். பழைய மீட்டர் அளவுகோல்களில் முனை தேய்ந்திருக்கும், 10 செ.மீ. கோட்டைத் தொங்கும் புள்ளியில் வைத்து, பிறகு 10-ஐக் கழித்துக்கொள்ளலாம்.

3. ஊசல் அசையாமல் நிற்கும்போது, நூலுக்கு நேர் பின்னால் ஒரு காகிதத்தில் செங்குத்துக் கோடு போட்டு ஒட்டுங்கள்.

4. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பக்கவாட்டில் இழுக்கவும்: 100 செ.மீ.க்கு 10 செ.மீ., 20 செ.மீ.க்கு 2 செ.மீ. தள்ளாமல் விரலை விலக்கி விடவும். தள்ளினால் ஊசல் முட்டை வடிவில் சுற்றும். சுற்றினால் நிறுத்திவிட்டு மறுபடி விட வேண்டும்.

5. இரண்டு மூன்று ஆட்டங்கள் போகட்டும். பின்னால் உள்ள கோட்டை நட்டு இடமிருந்து வலமாகக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணுபவர் 'மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்ஜியம்' என்று உரக்கச் சொல்ல, பூஜ்ஜியத்தில் கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டும். 20-இல் நிறுத்த வேண்டும்.

6. ஒரு நீளத்துக்கு மூன்று முறை. மூன்றில் ஏதேனும் ஒன்று மற்றவற்றிலிருந்து அரை நொடிக்கு மேல் விலகினால் நான்காவது முறை எடுக்கவும். தவறான அளவை அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்.

ஏன் இருபது ஆட்டம்? கை எதிர்வினையில் 0.2 நொடி பிசகு சாதாரணம். 20 செ.மீ. ஊசலின் ஒரே ஓர் ஆட்டத்தை அளந்தால் 0.9 நொடியில் 0.2 பிசகுகிறது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இருபது ஆட்டம் அளந்தால் 18 நொடியில் அதே 0.2 தான், நூற்றுக்கு ஒன்று சொச்சம்.

ஏன் நடுக்கோட்டில் எண்ண வேண்டும்? ஓர முனையில் நட்டு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 'இப்போது' என்பது எந்தக் கணம் என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில் அது மிக வேகமாகப் போவதால் கடக்கும் கணம் கூர்மையாக இருக்கும். வேகமாகப் போகும் இடத்தில் அளப்பது கடினம் என்று மாணவர் வாதிடுவார்கள். இரண்டு இடத்திலும் ஐந்து முறை அளந்து, எந்த ஐந்து எண்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீச்சு ஏன் சிறியதாக வேண்டும்? 10 டிகிரிக்கு நேரம் 0.2 சதவீதம்தான் கூடும். 30 டிகிரிக்கு 1.7 சதவீதம், 45 டிகிரிக்கு ஏறத்தாழ 4 சதவீதம்.

தமிழ்நாட்டில் சரியாக அளந்த குழுவுக்கு 20 ஆட்டங்களின் நேரம் இந்த எண்களுக்கு அருகில் இருக்கும். இது உங்களுக்கு மட்டும்: 20 செ.மீ.க்கு 18.0 நொடி, 40-க்கு 25.4, 60-க்கு 31.1, 80-க்கு 35.9, 100-க்கு 40.2.

கடிகாரம் ஓடும் நேரம் மொத்தம் எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் நூலை நீட்டிக் கட்டுவதில்தான் போகும். 100 செ.மீ.யில் தொடங்கி இறங்குமுகமாக வந்தால், நூலை மேலே இழுத்து நசுக்கினாலே போதும். முடிச்சை அவிழ்க்க வேண்டாம்.

மூன்றாம் பாடவேளை: வரைபடம்

20 ஆட்டங்களின் நேரத்தை 20-ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கான அலைவு நேரம் கிடைக்கும். முதலில் நீளத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தைச் செங்குத்து அச்சிலும் குறிக்கட்டும். வளைகோடு வரும். 'இதிலிருந்து 150 செ.மீ. ஊசலின் நேரத்தைச் சொல்ல முடியுமா?' வளைவை நீட்டுவது ஊகமாகிவிடும். முதல் பாடவேளையின் 'நான்கு மடங்குக்கு இரண்டு மடங்கு' இங்கே கைகொடுக்கும்: நேரத்தின் வர்க்கத்தைக் குறித்தால் என்ன?

புதிய தாளில் கிடை அச்சில் 1 செ.மீ.க்கு 0.1 மீட்டர், செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 0.25 நொடி² என்று அளவுத்திட்டம் எடுங்கள். 0.3, 0.7 போன்ற அளவுத்திட்டம் வைத்த குழு புள்ளி வைப்பதிலேயே தவறும். புள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பழக்கத்தை இங்கேயே நிறுத்துங்கள். ஒரு கறுப்பு நூலை இழுத்துப் பிடித்துத் தாளின்மேல் நகர்த்தினால், புள்ளிகள் இருபுறமும் சமமாகச் சிதறும் இடம் தெரியும். அங்கே ஒரே நேர்க்கோடு.

சாய்வு கணக்கிட, கோட்டின்மேல் தொலைவில் உள்ள இரண்டு இடங்களை எடுக்க வேண்டும். அளந்த புள்ளிகளை எடுக்கக் கூடாது. எட்டுக் குழுக்களின் சாய்வையும் பலகையில் எழுதுங்கள். 3.9, 4.1, 4.0 என்று எல்லாம் 4-ஐச் சுற்றியே நிற்கும். வேறு வேறு மேசை, வேறு வேறு கை, ஆனால் ஒரே எண். இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வகுப்பில் எழும்பிய பிறகுதான் சூத்திரம் வர வேண்டும்: நேரத்தின் வர்க்கத்தை நீளத்தால் வகுத்தால் 4 × பை² ÷ புவியீர்ப்பு முடுக்கம் (பை என்பது π, 3.14). இதை வருவிப்பது மேல்நிலை வகுப்பின் வேலை, இங்கே கொடுத்துவிடலாம். 4 × பை², அதாவது 39.48-ஐ அவரவர் சாய்வால் வகுக்கட்டும். 9.8 அப்போது தானாக வந்து நிற்கும்.

நமக்குக் கிடைக்க வேண்டியது 9.78. ஐரோப்பியப் பாடநூல்கள் 9.81 என்று போடுவதற்குக் காரணம், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த அளவு குறைவதுதான். 1672-இல் பாரிஸிலிருந்து, நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள தென் அமெரிக்காவின் கயேனுக்குச் சென்ற பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷேரின் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலைக் குறுக்கித்தான் சரிசெய்ய முடிந்தது. நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் 1821-இல் வானியலாளர் ஜான் கோல்டிங்காம், ஒரு பக்கம் போக ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளத்தை அளந்தார். 39 அங்குலத்துக்குச் சற்றே மேல், சுமார் 99.1 செ.மீ. உங்கள் வகுப்பும் அடுத்த பாடவேளையில் இதே நீளத்தைத்தான் தேடப் போகிறது.

விடையைப் பார்த்தே பிழையைப் பிடிப்பது

குழுக்களின் விடை விலகும்போது 'மறுபடி செய்' என்று சொல்லாதீர்கள். விலகிய எண்ணே காரணத்தைச் சொல்லும்.

10.8 அருகில் வந்தால், எண்ணியவர் பூஜ்ஜியத்துக்குப் பதில் 'ஒன்று' என்று தொடங்கியிருக்கிறார். உண்மையில் 19 ஆட்டங்களை அளந்து 20-ஆல் வகுத்திருக்கிறார்கள்.

39 வந்தால், போவதையும் வருவதையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள். நேரம் பாதி, விடை நான்கு மடங்கு.

978 வந்தால் நீளம் செ.மீ.யிலேயே நிற்கிறது. 8.9 என்றால் பையை 3 என்று வைத்திருக்கிறார்கள். 3.1 வந்தால் பையை வர்க்கப்படுத்த மறந்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் சுவையான பிழை ஒன்று உண்டு. நட்டின் துளை மையத்துக்குப் பதிலாக மேல் விளிம்பு வரை அளந்த குழு, ஒவ்வொரு நீளத்திலும் ஏறத்தாழ 12 மி.மீ.யைத் தவறவிட்டிருக்கும். 20 செ.மீ. அளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 9.2 வரும். ஆனால் வரைபடத்தில் ஐந்து புள்ளிகளும் ஒரே அளவு நகர்வதால் கோடு அப்படியே இடம்பெயரும். சாய்வு மாறாது, விடை சரியாகவே வரும். கோடு மட்டும் ஆதிப்புள்ளி வழியே போகாமல், செங்குத்து அச்சை 0.05 அருகில் வெட்டும். 'நீளமே இல்லாத ஊசலுக்கு எப்படி நேரம் இருக்கும்?' என்று கேளுங்கள். கிடை அச்சில் கோடு எங்கே வெட்டுகிறது என்று பின்னோக்கி நீட்டினால், விட்டுப்போன 12 மி.மீ. தாளிலேயே தெரியும். ஒற்றை அளவை நம்பாமல் வரைபடம் ஏன் வரைகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விடை கிடையாது. எந்தக் குழுவும் இந்தப் பிழையைச் செய்யாவிட்டால், ஒரு குழுவிடம் சொல்லியே செய்ய வைக்கலாம்.

நான்காம் பாடவேளை: நொடி ஊசல்

இது பொறியியல். பணி: ஒரு பக்கம் போக சரியாக 1 நொடி ஆகும் ஊசலைக் கட்ட வேண்டும். போய்த் திரும்ப 2 நொடி, அதன் வர்க்கம் 4. கட்டுவதற்கு முன் தங்கள் வரைபடத்தில் 4-க்கு நேரான நீளத்தைப் படித்துப் பலகையில் எழுத வேண்டும்; எழுதாத குழுவுக்கு நூல் தராதீர்கள். முயன்று முயன்று சரிசெய்வதற்கும் கணக்கிட்டுக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

ஒரு நிமிடச் சோதனையில் எல்லாக் குழுவும் வென்றதாகத் தோன்றும். நீளம் 1 செ.மீ. தவறினாலும் நிமிடத்துக்கு 0.3 நொடிதான் பிசகும். கைக் கடிகாரத்தில் அது தெரியாது. ஆகவே ஐந்து நிமிடம், நட்டு நடுக்கோட்டை 300 முறை கடக்கும்வரை. இப்போது 1 செ.மீ. பிழை ஒன்றரை நொடியாகத் தெரியும். வீச்சு நன்றாகவே குறைந்திருக்கும், ஆனால் நேரம் மாறாது. இதைக் கவனித்தீர்களா என்று கேட்க மறக்க வேண்டாம்.

திருத்தும்போதுதான் உண்மையான சிக்கல் முளைக்கும்: நூலை 3 மி.மீ. மட்டும் எப்படிக் குறைப்பது? முடிச்சை அவிழ்த்துக் கட்டினால் 1 செ.மீ. போய்விடும். விடையை உடனே காட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள். நூலைப் பென்சிலில் சுற்றித் திருகுவார்கள். இரண்டு துளைச் சட்டைப் பொத்தானில் நூலைக் கோத்து நகர்த்துவார்கள். நட்டின் கீழே ஒரு திருகாணியைச் சேர்த்து மையத்தை மாற்றுவார்கள். ஊசல் கடிகாரங்களில் குண்டின் அடியில் இருக்கும் சிறு திருகு இதற்காகத்தான். 1 மி.மீ. பிழை ஒரு நாளில் 44 நொடியாகப் பெருகும் என்று கணக்கிடச் சொன்னால், அந்தத் திருகின் தேவை புரிந்துவிடும்.

கணினியும் செல்போனும்

கையால் வரைபடம் போட்ட பிறகுதான் கணினி. ஹைடெக் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் விரிதாளில் ஐந்து வரிசைகளை உள்ளிட்டு, சராசரி, வர்க்கம், 'ஸ்லோப்' சார்பு மூன்றையும் போடச் சொல்லுங்கள். கைச் சாய்வும் கணினிச் சாய்வும் எவ்வளவு விலகுகின்றன என்பதே அன்றைய கேள்வி. ஆசிரியரின் ஒரு செல்போன் போதும்: நொடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், நட்டு கோட்டைக் கடக்கும் கணம் 0.03 நொடித் துல்லியத்தில் கிடைக்கும்.

ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில், செல்போனையே ஊசலாகத் தொங்கவிட்டு முடுக்கத்தைக் காணும் வசதி இருக்கிறது. நல்ல கருவி. ஆனால் முதல் நாளே அதைத் திறந்தால் திரையில் விடை வந்துவிடும், மேலே சொன்ன எதுவும் நடக்காது.

மதிப்பெண்

20-க்கு: பேனாவால் எழுதிய, அடித்தவை உட்பட எல்லா அளவுகளுக்கும் 5, வரைபடம் 5, அலகோடு சாய்வு 3, பிழைக்கான காரணத்தை எண்ணோடு விளக்கியதற்கு 7. விடை 9.78-க்கு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அதற்கு ஒரு மதிப்பெண் வைத்தாலும் அடுத்த ஆண்டு மாணவர் அண்ணன் அக்காவிடம் எண்ணைக் கேட்டு வந்துவிடுவார்கள்.

வாய்மொழிக் கேள்வி ஒன்று: நிலவில் ஈர்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, அங்கே இதே சோதனையைச் செய்தால் கோடு எப்படிச் சாயும்? சூத்திரத்தை ஒப்பித்தவர் திணறுவார். கோட்டைத் தன் கையால் வரைந்தவர், உள்ளங்கையை ஏறக்குறைய நிமிர்த்திக் காட்டுவார்.

சோதனை முடிந்ததும் நூலை எறிந்துவிடலாம். ஒருமுறை நசுங்கிய நூல் அடுத்த முறை அதே இடத்தில் அறும். நட்டுகளைத் துடைத்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் தடவி மூடிய டப்பாவில் வையுங்கள். கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். எட்டுக் குழுக்களின் வரைபடத்தாள்களையும் அதே டப்பாவில் போட்டு வைத்தால், அடுத்த ஆண்டு வகுப்பு மூன்றாம் பாடவேளையின் முடிவில் தங்கள் கோட்டை அவற்றோடு வைத்துப் பார்க்கலாம்.